கிலிம் விரிப்பில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

விரிப்பை வாங்கிவந்த மறுநாள் என் மனைவி அதை பால்கனிக் கம்பியில் போட்டு வெளிச்சத்துக்கு எதிரே பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். "ஏங்க, உங்கள நல்லா ஏமாத்தியிருக்கான். முப்பது இடத்துல கிழிஞ்சிருக்கு" என்றாள். நான் போய் எண்ணினேன். முப்பது இல்லை, எழுபதுக்கு மேல். ஆனால் ஒன்றுகூடக் கிழிசல் இல்லை. அதே விரிப்பில் நிஜமாகவே அரிபட்டுக்கொண்டிருந்த ஓர் இடம் இருந்தது. அது எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் எட்டு மாதம் கழித்துத்தான் பட்டது.

இஸ்தான்புல்லில் வேலை பார்த்த ஐந்து வருடத்தில் இப்படி மூன்று பழைய கிலிம் வாங்கினேன். கையால் நெய்தவை, கடைக்காரர் கணக்கில் ஐம்பதிலிருந்து எண்பது வயது. கெடுக்க முடிந்த வழியிலெல்லாம் கெடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் விரிப்பு பழுதுபார்க்கும் ஒரு உஸ்தாவிடம் போய் நின்றேன். உஸ்தா என்றால் கைத்தொழிலில் தேர்ந்தவர், நாம் மேஸ்திரி என்று கூப்பிடுகிற மாதிரி. எதைக் கொண்டுபோனாலும் அவர் கேட்பது ஒன்றைத்தான்: இது தறியிலேயே வந்ததா, வயதால் வந்ததா, இப்போது நடந்துகொண்டிருக்கிறதா? முதல் இரண்டும் என்றால் டீக்குச் சொல்வார். மூன்றாவது என்றால் மட்டும் கண்ணாடியை எடுத்து மாட்டுவார். கீழே எழுதியிருப்பதும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான்.

ஊசியை எடுக்கும் முன்: பின்பக்கத்தைத் திருப்புங்கள்

கம்பளத்தில் முடிச்சுப் போட்டு மயிர் எழுப்பியிருக்கும். கிலிமில் மயிர் கிடையாது. தறியில் நீளவாக்கில் கட்டிய நூல் பாவு, குறுக்கே ஓடும் நூல் ஊடை. பாவுக்கு மேலும் கீழுமாக ஊடையை ஓட்டி, கிர்கித் என்கிற கனமான சீப்பால் இறுக அடிப்பார்கள். அடிக்க அடிக்க பாவு முழுக்க மறைந்து ஊடை மட்டுமே வெளியே தெரியும். பவானி ஜமக்காளம் பார்த்தவர்களுக்கு இது பழகிய விஷயம். பட்டைபோட்ட ஜமக்காளத்தில் ஊடை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடும். கிலிமில் ஒவ்வொரு நிறமும் தன் கட்டத்துக்குள்ளேயே போய்த் திரும்பிவிடும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

திருப்பிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா? அது சரியான கிலிம். பின்பக்கம் நூல் தொங்குகிறதா, வேலைப்பாடு எம்பிராய்டரி போலத் தூக்கலாக இருக்கிறதா? அது ஜிஜிம், ஸிலி, ஸுமாக் வகையாக இருக்கலாம். அவற்றில் வேலைப்பாட்டுக்குத் தனி நூல் போகிறது. கடையில் எல்லாவற்றையும் கிலிம் என்றே விற்பார்கள். விலைக்கு அது பெரிதில்லை, பராமரிப்புக்குப் பெரிது: கிலிமைப் புரட்டிப் போட்டுப் புழங்கலாம், மற்றவற்றில் பின்பக்க நூல் கால்விரலில் மாட்டி இழுபடும்.

கையில் வேண்டியவை: பழைய வெள்ளைப் பருத்தித் துணி, டார்ச், முனை மழுங்கிய தடித்த ஊசி, விரிப்பின் நிறத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற கம்பளி நூல்.

தூக்கிப் பிடித்தால் பிளேடால் கீறியது போல வெளிச்சம் தெரிகிறது

என் மனைவி எண்ணியது இதைத்தான். சிவப்புக் கட்டமும் நீலக் கட்டமும் செங்குத்தான ஒரு கோட்டில் சந்திக்கின்றன என்று வையுங்கள். சிவப்பு ஊடை தன் கடைசிப் பாவைச் சுற்றித் திரும்பிவிடுகிறது. நீலம் அடுத்த பாவைச் சுற்றித் திரும்பிவிடுகிறது. இரண்டு பாவுக்கும் நடுவே கோத்துப் பிடிக்க எதுவும் இல்லை. அங்கே விழுவதுதான் அந்த இடைவெளி. அனத்தோலிய, அதாவது துருக்கியின் ஆசியப் பகுதிக் கிலிமின் உருவங்களெல்லாம் படிப்படியாகச் சரிந்து போவதற்கும், வைரமும் முக்கோணமுமாக இருப்பதற்கும் இதுவே காரணம்: செங்குத்துக் கோடு நீண்டால் விரிப்பு வாய்பிளந்துவிடும். இடுப்பில் கைவைத்து நிற்கிற பெண் என்று சொல்லப்படும் எலிபெலிந்தெ உருவத்தைப் பாருங்கள். அந்தக் கைகள் வளைவாக இல்லாமல் படிக்கட்டாக மடிந்திருப்பது, தறி அவ்வளவுதான் விடும் என்பதால்.

கீறலா கிழிசலா என்று பார்க்க டார்ச்சைப் பின்னால் பிடித்து விளிம்பைக் கவனியுங்கள். விளிம்பில் நூல் வழவழப்பாக வளைந்து திரும்பினால் நெசவு. நூல்முனை பிய்ந்து மயிர்மயிராக நின்றால் கிழிசல். நெசவில் விட்ட இடைவெளி எப்போதும் பாவு ஓடும் திசையில், இரண்டு நிறம் சந்திக்கும் கோட்டில்தான் இருக்கும். ஒரே நிறத்துக்கு நடுவில் துளை இருந்தால் அது வேறு கதை.

ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம் என்றால் தொடவேண்டாம். ஒரு விரல் உள்ளே நுழைகிற அளவு வாய்திறந்திருந்தால் மட்டும் பின்பக்கத்திலிருந்து, இரண்டு விளிம்பையும் தளர்வாகச் சேர்த்து, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தையல். இறுக்கி இழுத்துத் தைத்தால் அந்த இடம் சுருங்கி, பக்கத்தில் புதிதாக ஒரு மேடு கிளம்பும். பசை, இஸ்திரி வைத்து ஒட்டும் பட்டை இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். பின்னால் பழுது பார்ப்பவருக்கு அவற்றைச் சுரண்டி எடுப்பதே ஒரு நாள் வேலை.

நடுவில் நெடுக ஒரு தையல். இரண்டு பாதியும் பொருந்தவில்லை

கோளாறே இல்லை. நாடோடிகளாக வாழ்ந்த யோருக் மக்களின் தறி குறுகலானது. அகல விரிப்பு வேண்டுமானால் ஒரே வடிவத்தை இரண்டு துண்டாக நெய்து நடுவில் தைப்பார்கள். இரண்டாவது துண்டை நெய்யும்போது முதல் துண்டு சுருட்டிக் கிடக்கும், கணக்கு மனதில்தான். அதனால் பூ பூவோடு சேராது, ஒரு பக்கம் நான்கு விரல் முன்னே ஓடியிருக்கும். இது பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். எனக்கு என் மூன்று விரிப்பில் இதுதான் பிடித்தது.

ஒரே சிவப்பு பாதியில் திடீரென்று வெளிறுவதும் இப்படித்தான். ஒரு சட்டி சாயம் தீர்ந்து அடுத்த சட்டி போட்டதும் நிறம் மாறியிருக்கிறது. அப்ராஷ் என்பார்கள். தையல் விட்டுப்போயிருந்தால் மட்டும் பழைய துளைகளிலேயே மறுபடி தைத்துவிடுங்கள்.

ஈரத்துணியில் சாயம் வருகிறது. அல்லது சிவப்பு வெள்ளைக்குள் இறங்கிவிட்டது

இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன். மாலத்யாப் பக்கத்து விரிப்பு, சிவப்பும் வெள்ளையும். டீ கொட்டிய ஒரு கறைக்காக முழு விரிப்பையும் குளியலறையில் போட்டு, துணி சோப்புத்தூள் கரைத்து, வெதுவெதுப்பான நீரை ஊற்றினேன். முதலில் நீர் ரோஸ் நிறமானது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த பத்து நிமிடத்தில் வெள்ளைக் கட்டங்களின் ஓரமெல்லாம் குங்குமம் கரைந்த மாதிரி ஆகிவிட்டது. டீக்கறை அப்படியே இருந்தது.

நடந்தது என்னவென்றால், துணி சோப்புத்தூளில் காரம் அதிகம். கம்பளிக்குக் காரம் ஆகாது. கம்பளியில் ஏறியிருக்கும் பல செயற்கைச் சாயங்கள் காரநீரில், அதுவும் சூடான காரநீரில், பிடி விட்டுவிடும். பழைய விரிப்பு என்றால் இயற்கைச் சாயம், கரையாது என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு வரலாறு துணை நிற்காது. முதல் செயற்கைச் சாயத்தை ஆங்கில வேதியியலாளர் பெர்க்கின் கண்டது 1856இல். மஞ்சிட்டி இனத்து வேரில் இருக்கும் சிவப்புப் பொருளான அலிசரினை 1869 வாக்கில் ஜெர்மன் வேதியியலாளர்கள் ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். செயற்கை அவுரி 1897இல் சந்தைக்கு வந்தது. வேரைத் தோண்டி, காயவைத்து, இடித்து, படிகாரம் சேர்த்து வேகவைப்பதற்குப் பதில் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினால் போதும் என்றானபோது அனத்தோலியக் கிராமங்களும் வாங்கத்தான் செய்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இரண்டும் கலந்துதான் வருகின்றன. வேர்ச்சாயத்தைக் கிராமங்களுக்குத் திரும்பக் கொண்டுவர மர்மரா பல்கலைக்கழகத்தின் தொபாக் திட்டம் 1981இல் தொடங்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் விரிப்பு 1960, 70களில் நெய்தது என்றால் ஒரு சில நிறமாவது பொட்டலச் சாயமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

ஆகவே சோதனை. வெள்ளைத் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு நிறத்தின் மேல் வைத்து இரண்டு நிமிடம் அழுத்துங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் துணியின் புதிய இடம். சிவப்பு, ஆரஞ்சு, ரோஸ், கருப்பு ஆகியவற்றைக் கட்டாயம் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் நல்லது. லேசான தூசி நிறம் வந்தால் அது அழுக்கு. விரிப்பின் நிறமே துணியில் வந்தால், வீட்டில் நனைக்கும் யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். விற்பவர் முன்னாலேயே இதைச் செய்யலாம். நேர்மையான கடைக்காரர் தானே தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்.

சாயம் இப்போதுதான் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால், காயவிடாதீர்கள். காய்ந்தால் கறை பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நீரில் வெள்ளை வினிகரைக் கொஞ்சம் கலந்து, நான்கு பங்கு நீருக்கு ஒரு பங்கு போதும், அலசுங்கள். உலர்ந்த வெள்ளைத் துண்டுகளால் ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்க்கவே கூடாது. துண்டு நிறமானதும் மாற்றுங்கள். நீர் தெளிந்தபின் இரண்டு துண்டுக்கு நடுவே சுருட்டி அழுத்தி, பிறகு சமதளத்தில் விரித்து மின்விசிறியைப் போடுங்கள். மடித்தோ கொடியில் தொங்கவிட்டோ காயவைத்தால் ஈரம் கீழே இறங்கும்போது சாயத்தையும் கூட்டிக்கொண்டு இறங்கும்.

காய்ந்து பல நாளான கறைக்கு வீட்டில் வைத்தியம் கிடையாது. வெள்ளையை மீட்கிறேன் என்று பிளீச்சை எடுத்துவிடாதீர்கள்: குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்தேவிடும். சாயமும் போகும், நூலும் போகும்.

சோதனையில் தேறிய விரிப்பில் ஏதாவது கொட்டினால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள், பிறகு குளிர்ந்த நீர், தேவைப்பட்டால் கம்பளித் துணிக்கென்று விற்கும் திரவம் இரண்டு சொட்டு. சலவை இயந்திரம் கூடாது. கம்பளி திரண்டு கெட்டிப்பட்டு ஒரு சுற்று சிறுத்து வரும். நாம் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு ஒரு குறிப்பு: மஞ்சள் கறை வெளிச்சத்தில் தானாகவே மங்கும். சாம்பார் சிந்திய இடத்தைச் சுத்தம் செய்தபின் மிச்சமிருந்த மஞ்சளை நான் ஜன்னலோரத்தில் போட்டே போக்கினேன்.

கருப்பு மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது

முதலில் பார்க்கும் எல்லாரும் பூச்சி என்றுதான் பதறுவார்கள். பூச்சிக்கு நிறபேதம் கிடையாது. சிவப்பும் நீலமும் நன்றாக இருக்க, உருவங்களைச் சுற்றிய கருங்கோடு மட்டும் இற்றுப்போயிருந்தால் அது சாயத்தின் வேலை. கருப்பும் அடர் பழுப்பும் வரவேண்டும் என்று இரும்புச் சத்தையும் துவர்ப்புள்ள காய், தோல்களையும் சேர்த்துச் சாயம் போடுவார்கள். அந்த இரும்பு பல பத்தாண்டுகளில் கம்பளியை உள்ளேயே அரித்து உடையவைக்கும். மயிர்க் கம்பளங்களில் இதனால் மற்ற நிறங்கள் மேலெழுந்து செதுக்கியது போலத் தெரியும். கிலிமில் பாவு எட்டிப்பார்க்கும்.

இதை நிறுத்த மருந்து இல்லை. ஆனால் இது ஒரு வகையில் நல்ல செய்தி: அந்தக் கருப்பு அவசரப் பொட்டலச் சாயம் இல்லை என்பதற்கான அடையாளம். நடைபாதையில் போட்டிருந்தால் எடுத்துச் சுவரில் மாட்டுங்கள், அல்லது நடமாட்டம் குறைந்த அறைக்கு மாற்றுங்கள். பாவு பல இடத்தில் தெரிந்தால் உஸ்தா கையில் மறு ஊடை ஓட்டலாம். கருங்கோடு என்பதால் நிறம் பொருத்துவது சுலபம்.

நூல் அரிபட்டிருக்கிறது, அடியில் மணல் மாதிரித் துகள்

எட்டு மாதம் கழித்து நாங்கள் பார்த்தது இது. சோபாவை நகர்த்தியபோது, அதன் அடியில் கிடந்த ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஊடையே இல்லை. பாவு மட்டும் வீணைத் தந்தி போல வரிசையாக நின்றது. தரையில் ரவையை விடச் சின்னதாகத் துகள். தொட்டுப் பார்த்தேன், விரிப்பின் நிறத்திலேயே சிவப்பும் நீலமுமாக இருந்தது. புழுவின் கழிவு அது; தின்ற நூலின் சாயம் அப்படியே வெளியே வந்திருக்கிறது.

அந்துப்பூச்சி. நாம் அந்துருண்டை என்று பெட்டியில் போடுவது இதற்குப் பயந்துதான். வெளிர்பொன் நிறத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத விட்டில். பறந்து திரிகிறதை அடித்துவிட்டு நிம்மதி அடைவதில் பயன் குறைவு: பறப்பவை பெரும்பாலும் ஆண்கள், முட்டையிடும் பெண் பூச்சி இருட்டில் ஓடித்தான் ஒளியும். வளர்ந்த பூச்சி எதையும் தின்பதும் இல்லை. தின்பது அதன் புழு, அதற்கு வேண்டியது கம்பளியிலும் மயிரிலும் இருக்கும் கெராட்டின் புரதம். பருத்தியை அது விரும்பாது. என் விரிப்பில் பாவு பருத்தி, ஊடை கம்பளி. அதனால்தான் தந்தி மட்டும் மிஞ்சியது. பாவும் கம்பளியாக இருந்திருந்தால் நேராகப் பொத்தல்தான். நூலில் வெள்ளைச் சிலந்திவலை போன்ற குழாய்கள் இருந்தாலும் இதேதான். மயிரடர்ந்த பழுப்புத் தோல்கூடுகள் உதிர்ந்து கிடந்தால் அது கம்பள வண்டு, வைத்தியம் ஒன்றுதான்.

வேலையை அன்றைக்கே தொடங்குங்கள். விரிப்பை வெளியே கொண்டுபோய் இரண்டு பக்கமும் உதறி, சுழலும் பிரஷ் இல்லாத குழாயால் வேக்குவம் செய்யுங்கள். உறிஞ்சிய பையை வீட்டுக்குள் வைக்காமல் உடனே கட்டி வெளியே போடுங்கள். பிறகு விரிப்பைச் சுருட்டி, தடித்த பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம். வீட்டுக் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டு பல நேரம் அந்தக் குளிருக்கு வராது. ஐஸ்கிரீம், மீன் வைக்கிற பெரிய பெட்டி உள்ள யாரையாவது பிடியுங்கள். நான் என் வீட்டுக்குக் கீழே இருந்த மளிகைக்கடைக்காரரிடம் கெஞ்சி வைத்தேன். இரண்டு வாரமும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் "இது இந்தியரின் கம்பளம், விற்பனைக்கு இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே எடுத்தபின் பையை ஒரு முழு நாள் பிரிக்காதீர்கள். குளிர்ந்த கம்பளியில் அறைக்காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும்.

விரிப்பு பெரிது, பெட்டிக்குள் போகாது என்றால் தொழில்முறைக் குளிரூட்டல் அல்லது வெப்பச் சிகிச்சைக்குக் கொடுங்கள். அந்துருண்டையால் இந்த வேலை ஆகாது. மூடிய பெட்டிக்குள் ஆவி நிறைந்தால்தான் அது ஏதாவது செய்யும். தரையில் கிடக்கும் விரிப்பில் அந்த நாற்றமும் நச்சும் உங்களுக்குத்தான். கவர்ச்சிவாசனை ஒட்டுப்பொறிகள் ஆண் பூச்சியை மட்டுமே பிடிக்கும். எத்தனை விழுகிறது என்று கணக்குப் பார்க்க அவை நல்லவை, ஒழிக்க அல்ல.

இனி வராமலிருக்க, சோபா, கட்டில், அலமாரிக்கு அடியில் போகும் பகுதியை மாதம் ஒருமுறை நகர்த்தி வெளிச்சம் காட்டுங்கள். இந்தப் பூச்சிக்கு இருட்டும் அமைதியும் வேண்டும். கால் படுகிற இடத்தை அது தொடுவதே அபூர்வம்.

ஓரம் சுருள்கிறது, நடுவில் அலை அடிக்கிறது, அளவெடுத்தால் கோணல்

ஒரு முனையில் 150 சென்டிமீட்டரும் மறுமுனையில் 143உம் இருந்தால் அது கைத்தறி. பாவின் இழுவிசை நாளுக்கு நாள் மாறும், நெய்பவர் கையும் மாறும். இதை நேராக்க யாராவது இழுத்து ஆணி அடிக்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள்.

சுருளுக்கு மட்டும் வழி உண்டு. புதிதாகப் பிரித்த விரிப்பு என்றால் எதிர்ப்பக்கமாக ஒருநாள் சுருட்டி வைத்து, பிறகு விரித்து இரண்டு வாரம் பொறுங்கள். பெரும்பாலும் தானாகப் படியும். படியாவிட்டால், சாயச் சோதனையில் தேறியதா என்று பார்த்துவிட்டு, சுருள்கிற ஓரத்தில் பின்பக்கம் நீர் தெளிப்பானால் லேசாகப் பூத்தூவல் போல ஈரமாக்கி, மேலே வெள்ளைத் துணி, அதன் மேல் பலகை, பலகை மேல் புத்தகங்கள். முழுக்கக் காயும்வரை எடுக்காதீர்கள். கரையோரப் பாவு மட்டும் மற்றதை விட இறுகியிருந்தால் இதுவும் நிற்காது; உஸ்தா அந்தக் கரைநூலை அவிழ்த்துத் தளர்த்தி மறுபடி கட்டுவார்.

கால் வைத்தால் வழுக்குகிறது

கிலிம் மெலிது, கனம் குறைவு, வழுக்கத்தான் செய்யும். அடியில் கம்பளிப்பட்டையும் ரப்பரும் சேர்ந்த அடிவிரிப்பு, விரிப்பை விட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் சிறியதாக வெட்டிப் போடுங்கள். மலிவான பிளாஸ்டிக் வலை தரையில் ஒட்டிக்கொண்டு கறைபடுத்தும். இருபக்க டேப்பை விரிப்பில் ஒட்டாதீர்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே செய்யுங்கள்.

குஞ்சம் பிரிகிறது

குஞ்சம் அலங்காரம் இல்லை, பாவின் முனையே அது. அதைக் கத்தரித்து நேராக்குவது, செருப்பின் வாரை அழகுக்காக வெட்டுவது போல. குஞ்சம் தேய்ந்து போனபின் அடுத்து அவிழ்வது ஊடை: ஒரு வரி, இரண்டு வரி, அப்புறம் ஒரே மாதத்தில் ஒரு விரற்கடை. வேக்குவம் கிளீனரின் சுழல் பிரஷ்தான் முதல் எதிரி, அடுத்தது கதவு.

பிரியத் தொடங்கிய இடத்தில், பருத்தி நூலால் பாவு முனைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, கடைசி ஊடைக்குள் அரை சென்டிமீட்டர் ஊசியை இறக்கி, கம்பளிப்போர்வை ஓரம் தைப்பது போல ஒரு வரிசை தைத்துவிட்டால் போதும். அழகாக வராது. நான் தைத்ததைப் பார்த்து உஸ்தா வாய்விட்டுச் சிரித்தார், ஆனால் பிரிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

நிறம் வெளுத்துவிட்டது

புரட்டிப் பாருங்கள். பின்பக்கம் பளிச்சென்று இருந்தால் வெயில். சரியான கிலிம் என்றால் வைத்தியம் உங்கள் கையிலேயே இருக்கிறது: பின்பக்கத்தை முன்பக்கமாக்குங்கள். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜன்னல்பக்கத் தலையை மாற்றிப் போடுங்கள்.

ஒரே ஒரு நிறம் மட்டும் சாம்பலாகிவிட்டதா? ஊசியால் ஊடையை விலக்கி உள்ளே பாருங்கள். உள்ளே ரோஸோ ஊதாவோ இருந்தால் அது ஆரம்பகாலச் செயற்கைச் சாயம், வெளிச்சத்தில் நிற்காத வகை. திரும்ப வராது. இரண்டு பக்கமும், ஊடையின் உள்ளேயும் ஒரே அளவில் வெளிறியிருந்தால் வெயிலைக் குற்றம் சொல்லாதீர்கள். பழமைத் தோற்றத்துக்காக யாரோ ரசாயனத்தில் முக்கியிருக்கிறார்கள். நூலும் வலுவிழந்திருக்கும். நெய்த தேதி இருந்தால் அதையும் ஒரு பார்வை பாருங்கள். துருக்கி லத்தீன் எழுத்துக்கு மாறியது 1928இல். லத்தீன் எழுத்தில் பெயர் நெய்த விரிப்பை நூற்றைம்பது வருடப் பழசு என்று ஒருவர் விற்றால் அவரிடம் டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

நாற்றம்

நனைந்த நாயின் வாசனை என்றால் கம்பளிக்குள் ஈரம் இருக்கிறது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் கைக்கு உலர்ந்தது போலவே இருக்கும். தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு நாற்காலி முதுகில் விரித்து, இரண்டு பக்கமும் காற்றுப்பட இரண்டு நாள் விசிறி.

பூனை, நாய் சிறுநீர் என்றால் உடனே ஒற்றி, குளிர்ந்த நீர், பிறகு மேலே சொன்ன வினிகர் நீர். செல்லப்பிராணிக் கறைக்கு விற்கும் என்சைம் திரவங்களில் புரதத்தைச் சிதைக்கும் வகை உண்டு. கம்பளியும் புரதம்தான், அதையும் சிதைக்கும். புட்டியில் கம்பளிக்கு ஏற்றது என்று இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

பூஞ்சண வாடை, அதாவது மழைக்காலத்தில் பூட்டிய அறையின் வாடை வந்தால் மட்டும் தண்ணீரை எடுக்காதீர்கள். முதலில் அந்த இடத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக மடியுங்கள். பாவு பருத்தி என்றால் இது இன்னும் முக்கியம். சத்தமில்லாமல் துணி மாதிரி மடிந்தால் வெறும் வாடை. உலர்ந்த நாளில் நிழலும் காற்றுமாக வெளியே போட்டு, மென்மையான பிரஷால் தட்டுங்கள். அப்பளம் நொறுங்குவது போலச் சின்னச் சின்னதாகச் சத்தம் கேட்டால் உள்ளே பாவு மக்கிவிட்டது. பூந்தொட்டி வைத்திருந்த இடத்தில் இப்படித்தான் ஆகும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நனைத்தால் அந்த இடம் கையோடு வந்துவிடும். மடிக்காமல், பருத்தி வேட்டி ஒன்றை உள்ளே வைத்துத் தளர்வாகச் சுருட்டி, அப்படியே பழுதுபார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். என் எஷ்மெ ஊர் விரிப்பை நான் அப்படித்தான் தோளில் வைத்து, இரண்டு டிராம் மாறிக் கொண்டுபோனேன். உஸ்தா மடித்தார், கேட்டார், கண்ணாடியை எடுத்து மாட்டினார்.